வேனுக்கும் பழைய காருக்கும் மாற்று டயர் தேர்ந்தெடுப்பது எப்படி

டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் பெரும்பாலோர் செய்வது, வண்டியில் மாட்டியிருக்கும் டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போய், இதே அளவில் நான்கு வேண்டும் என்று கேட்பதுதான். புதிதாக வாங்கி ஒரே கையில் இருந்துவரும் காருக்கு இது பெரும்பாலும் போதும். வேனுக்கும், இருபது முப்பது ஆண்டுகளைக் கண்ட காருக்கும் இது போதாது. கை மாறி வந்த வண்டியில் முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார், ஏன் அதை மாட்டினார் என்பது நமக்குத் தெரியாது. அன்று கடையில் எது கையிருப்பில் இருந்ததோ அதுவே இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே மாட்டியிருக்கும் டயரை நம்பாமல், வண்டியிலிருந்தே தொடங்க வேண்டும். வேனுக்கு முதல் கேள்வி அது எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்பது. பழைய காருக்கு முதல் கேள்வி அது எந்த வகை டயருக்காக வடிவமைக்கப்பட்டது என்பது. விலையும் பிராண்டும், சாலையைத் தொடும் வரிப் பரப்பான டிரெட்டின் அழகும் இவற்றுக்குப் பிறகுதான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணிலோ கதவின் விளிம்பிலோ ஒட்டப்பட்ட ஒரு தாள் பெரும்பாலும் இருக்கும். சில வண்டிகளில் அது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். தயாரிப்பாளர் அந்த வண்டிக்கு ஒப்புக்கொண்ட டயர் அளவுகளும், அவற்றுக்கு உரிய காற்றழுத்தமும் அதில் இருக்கும். வேனில் இத்துடன் இன்னொரு தகட்டையும் தேடுங்கள். வண்டியின் மொத்த அனுமதி எடை, முன் அச்சின் அனுமதி எடை, பின் அச்சின் அனுமதி எடை ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய காரில் தாள் உரிந்துபோயிருந்தால், உரிமையாளர் கையேட்டைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

பக்கச்சுவரில் உள்ள வரியைப் படித்தல்

ஒரு வேன் டயரில் 195/70 ஆர்15 சி 104/102 ஆர் என்று இருப்பதாகக் கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, இங்கே 136.5 மில்லிமீட்டர். அடுத்து வரும் ஆர் ரேடியல் கட்டமைப்பைக் குறிக்கிறது, அதாவது உள் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுபவை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சி என்பது சரக்கு வண்டிக்கான வலுவூட்டப்பட்ட டயர் என்பதன் அடையாளம். 104/102 சுமைக் குறியீடு: முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரு சக்கரம் இருக்கும்போதும், இரண்டாவது எண் பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டும்போதும் பொருந்தும். கடைசியில் வரும் ஆர் ரேடியலுக்குத் தொடர்பில்லாதது. அது வேகக் குறியீடு, மணிக்கு 170 கிலோமீட்டர். ஒரே எழுத்து ஒரே வரியில் இரு வேறு பொருளில் வருவதால், டயர் வாங்கப் புதிதாகப் போகிறவர்கள் இங்கே குழம்புவது இயல்பு.

வேகக் குறியீடுகளில் கியூ 160, எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டரைக் குறிக்கும். நான் இவ்வளவு வேகம் போவதே இல்லை என்பதற்காகத் தாளில் உள்ளதைவிடக் குறைந்த குறியீட்டை எடுக்க வேண்டாம். வேகக் குறியீடு உண்மையில் டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நிறை சுமையுடன் வெயிலில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு அந்தத் தாங்குதிறன் எந்த வேகத்திலும் வேண்டும்.

வேனுக்கு எடைக் கணக்கு

சுமைக் குறியீடு என்பது கிலோ அல்ல. ஓர் அட்டவணையில் உள்ள எண். 91 என்றால் 615 கிலோ, 95 என்றால் 690, 100 என்றால் 800, 102 என்றால் 850, 104 என்றால் 900, 107 என்றால் 975. எண் சற்றே கூடினாலும் எடை நிறையக் கூடுகிறது.

இப்போது தாளில் எழுதிய எண்ணுக்கு வருவோம். பின் அச்சின் அனுமதி எடை 1,750 கிலோ என்று தகட்டில் இருந்தால், ஒரு பின் சக்கரத்துக்கு 875 கிலோ. 104 குறியீடு கொண்ட டயர் 900 கிலோ தாங்கும், போதும். 102 குறியீடு 850 கிலோ. பார்வைக்கு அதே டயர்தான், ஆனால் போதாது. இதே வேனுக்குக் கார் டயர் ஒன்றை, 195/65 ஆர்15 91 என்பதைப் போன்ற ஒன்றை, ரிம்மில் ஏறுகிறது என்பதற்காக மாட்டினால், இரண்டு பின் டயர்களும் சேர்ந்து 1,230 கிலோதான் தாங்கும். 520 கிலோ குறைவு. சரக்கு எப்போதும் வண்டியின் நடுவில் ஒழுங்காக அமர்வதில்லை, வளைவில் எடை ஒரு பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருப்பதே நல்லது.

இப்படி மாட்டப்பட்ட ஒரு வேனை நான் அருகில் பார்த்திருக்கிறேன். காலியாக நின்றபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பாதி சுமை ஏற்றியதும் பின் டயர்களின் பக்கச்சுவர் தரையருகே உப்பி, ரிம்மின் விளிம்பு தரையை நோக்கி இறங்கிவிட்டது. காற்று குறைந்திருக்கிறது என்று நினைத்து அதன் ஓட்டுநர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு கூடுதலாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஓடி வந்து நின்றபோது, பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்து எடுக்க வேண்டியிருந்தது; அவ்வளவு சூடு. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, சுமை அளவுக்கு மீறினால் மடங்கலும் மீறுகிறது, மடங்கல் வெப்பமாகிறது, அந்த வெப்பம் உள்ளே இருக்கும் எஃகு இழைப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. பிறகு ஒருநாள், பெரும்பாலும் வேகமாகப் போகும்போது, டிரெட் உரிந்து பறக்கிறது. முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவது அந்த உப்பலும் சூடும்தான்.

எண்ணில் உள்ள தாங்குதிறன் உரிய காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சாதாரணக் கார் டயர் தன் முழுச் சுமையை ஏறக்குறைய 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எட்டிவிடுகிறது. அதற்கு மேல் காற்றடித்தால் டயர் விறைக்குமே தவிர, தாங்குதிறன் ஏறாது. எக்ஸ்எல் அல்லது ரீஇன்ஃபோர்ஸ்டு என்று பொறித்த கார் டயர் ஏறக்குறைய 42 பிஎஸ்ஐ வரை ஏற்கும். சி வகை வேன் டயர்களோ, அவற்றின் கட்டமைப்பே வேறு என்பதால், 65 பிஎஸ்ஐ போன்ற அழுத்தங்களில் வேலை செய்கின்றன. இங்கே வால்வும் கணக்கில் வருகிறது. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும் ஆனது. அதற்கு மேல் அழுத்தம் தேவைப்படும் வேனுக்கு உலோக வால்வோ உயர் அழுத்த வால்வோ கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் மேசையில் இருக்கும் சாதாரண வால்வே போடப்படும்.

வேனைத் தங்கும் வண்டியாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அத்தகைய வண்டி எப்போதும் முழு எடையுடனேயே நிற்கிறது. வாரக்கணக்கில் அசையாமலும் நிற்கிறது. இதற்கென்றே சிபி என்று குறியிட்ட டயர்கள் உண்டு. தகட்டில் அல்லது கையேட்டில் அந்த வகை குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

பழைய காரின் அளவு ஏன் குழப்புகிறது

பழைய கார்களின் கையேட்டில் 165 எஸ்ஆர்13 என்பது போன்ற அளவைக் காணலாம். சாய்கோட்டுக்குப் பின் வர வேண்டிய உயர விழுக்காடு இதில் இல்லை. அந்தக் காலத்து ரேடியல் டயர்களுக்கு உயரம் அகலத்தில் ஏறத்தாழ 82 விழுக்காடு என்பது எழுதப்படாத வழக்கம். ஆக, பக்கச்சுவர் சுமார் 135 மில்லிமீட்டர். ரிம் 330 மில்லிமீட்டர். டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 601 மில்லிமீட்டர். இதற்கு மாற்றாக 165/80 ஆர்13 மாட்டினால் விட்டம் 594. ஒரு விழுக்காடுதான் குறைவு, கவலையில்லை. எளிதில் கிடைக்கிறது என்று 175/70 ஆர்13 மாட்டினால் விட்டம் 575. நான்கு விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் 96 அளவில்தான் போகும், என்ஜின் எப்போதும் சற்று அதிகமாகச் சுற்றும், தரையிலிருந்து வண்டியின் உயரம் இறங்கும். பெரிய டயர் மாட்டினால் எதிர்மாறாக, காட்டுவதைவிட உண்மையான வேகம் கூடும். இது இன்னும் மோசம். விட்டம் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்வதை நான் எனக்கு வரம்பாக வைத்திருக்கிறேன்.

கூடுதல் அகலமும் பழைய காருக்கு நன்மை செய்வதில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகலமான டயர் ஸ்டீயரிங்கைக் கல்லாக்கிவிடும். தேங்கிய மழைநீரை ஒதுக்கித் தள்ளி இறங்க அகலமான டயருக்குச் சிரமம் அதிகம். எடை குறைந்த பழைய கார் நீரின் மேல் மிதந்து வழுக்குவது எளிதாகிறது. ரிம்மின் அகலத்துக்கும் எல்லை உண்டு: ரிம்மின் உட்புறத்தில் 5ஜே அல்லது 5½ஜே என்று (அங்குலத்தில் அகலம்) பொறித்திருப்பதைப் படித்து, வாங்கப்போகும் டயர் அந்த அகலத்துக்கு ஒப்புக்கொள்ளப்பட்டதா என்று டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, பின் இருக்கையில் ஆட்களை உட்காரவைத்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே கடையை விட்டுக் கிளம்புங்கள்.

இன்னும் பழைய கார்களில் 5.60-15, 6.00-16 போன்ற அங்குல அளவுகள் வரும். நடுவில் ஆர் இல்லாமல் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தால், அது குறுக்கு இழை டயர். பேச்சுவழக்கில் நைலான் டயர் என்று சொல்வது. ரேடியலையும் நைலானையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் மாட்டுவது அதைவிட ஆபத்து: முன் சக்கரங்கள் சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்பும், பின் சக்கரங்கள் பிடிப்பை இழந்து வழுக்கும், வண்டி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். மாற்றுவதென்றால் நான்கையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, ஒரே வகைக்கு மாற்றுங்கள்.

டியூப் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். டியூப்லெஸ் டயருக்கான ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உட்பக்கமாக வட்டமாக ஒரு மேடு ஓடும். வளைவில் அழுத்தம் வரும்போது டயர் உள்ளே நழுவாமல் அது தடுக்கிறது. பழைய ரிம்கள் பலவற்றில் இந்த மேடு இல்லை. கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரங்களில் ஆரங்களின் துளை வழியாகவே காற்று கசியும். இவற்றுக்கு டியூப் தேவை. ஆனால் எல்லா டியூப்லெஸ் டயரின் உள்ளேயும் டியூப் போட்டுவிட முடியாது. உட்சுவரில் உள்ள சிறு வரிகள் டியூபை நாளடைவில் அறுத்துவிடும். உட்புறம் வழுவழுப்பாக உள்ள டயரையும், அதே அளவுக்கான புதிய ரேடியல் டியூபையும் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டையும் உரித்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சீட்டின் விளிம்பே டியூபைத் தேய்க்கும்.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் மிஷெலின் அறிமுகப்படுத்திய டிஆர்எக்ஸ் வகையில் ரிம்மின் அளவே மில்லிமீட்டரில் இருக்கும், எடுத்துக்காட்டாக 390. இது 15 அங்குலத்துக்கும் 16 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. அந்த ரிம்மில் வழக்கமான எந்த டயரையும் முயன்று பார்க்கவே கூடாது. அதற்குரிய டயரைத் தேடி வாங்குங்கள், அல்லது ரிம்மையே மாற்றுங்கள்.

பிறந்த தேதியைப் பாருங்கள்

ஒரு பழைய காரை வாங்கிய புதிதில், அதன் டிரெட் சற்றும் தேயாமல் இருப்பதைக் கண்டு டயர் செலவு மிச்சம் என்று நம்பியிருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் டயரின் உட்பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தபோது, டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் தேதிக் குறி மூன்று இலக்கங்களில் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் அது நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் என்றால் டயர் 2000-க்கு முந்தையது. கட்டைவிரலால் பக்கச்சுவரை அழுத்தியதும் ரப்பரில் முடிக்கோடுகளாக வெடிப்புகள் விரிந்தன. விரலை எடுத்ததும் மறைந்துவிட்டன. நிற்கும் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும் கண்ணுக்கு அவை ஒருபோதும் தெரிந்திருக்காது.

ரப்பர் ஓடாவிட்டாலும் மூப்படைகிறது. காற்றில் உள்ள ஓசோனும் வெயிலும் அதைக் கடினமாக்குகின்றன. டயருக்குள் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் ஓடி மடங்கும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து படிகிறது. அதனால், நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியின் டயர் ஓடும் வண்டியின் டயரைவிட விரைவில் வெடிப்பு விடக்கூடும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவர் ஒருவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டு ஆனால் டிரெட் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்; வேனின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை.

புதிது வாங்கும்போது, டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கின் தேதியையும் நீங்களே குனிந்து படியுங்கள். ஏற்றிய பிறகு கேட்டால் பேச்சு நீளும். குறைந்த விலைக்கு வரும் பழைய கையிருப்பு, வண்டி கொஞ்சமாக ஓடுபவர்களுக்கு உண்மையில் நட்டம். டிரெட் தேய்வதற்குள் வயது முடிந்துவிடும். இரண்டு ஆண்டைத் தாண்டிய டயரை நான் புதியதாக ஏற்பதில்லை. யாரோ பயன்படுத்திய டயரை வாங்குவதை, அது எங்கே எப்படி ஓடியது என்று தெரியாத நிலையில், வேனுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

டிரெட் ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர், வாய்க்கால்களின் அடியில் தெரியும் சிறு மேடுகள் அந்த வரம்பைக் காட்டுகின்றன. ஈரச் சாலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே பிரேக் தூரம் நீளத் தொடங்குவதால், அங்கேயே மாற்றிவிடுவது நல்லது.

எந்த வகை, எந்த பிராண்ட்

நான் முதலில் பார்ப்பது ஈரச் சாலைப் பிடிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் டயர்களுடன் வரும் சீட்டில், 2021 மே மாதம் முதல் ஏ தொடங்கி ஈ வரை ஐந்து படிகள் உண்டு; எரிபொருள் சிக்கனத்துக்கு ஒன்று, ஈரப் பிடிப்புக்கு ஒன்று. எரிபொருளில் ஒரு படி குறைந்தாலும், ஈரப் பிடிப்பில் உயர்ந்ததை எடுங்கள். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே பிரேக்கையும் வழுக்கலையும் சமன்செய்ய வேறு எதுவும் இல்லை. பனி பெய்யும் இடத்தில் ஓட்டுபவர்கள், எம்+எஸ் என்ற குறியை மட்டும் நம்ப வேண்டாம்; அது தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் உள்ள குறியே சோதனையில் தேறியதைக் காட்டும்.

மாட்டும்போது

பழைய டயரைத் தூக்கி எறியும் முன் அதன் தேய்மானத்தைப் படியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது சுமை அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் புதிய டயர் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே வடிவம் புதிய டயரிலும் வந்து நிற்கும்.

இரண்டு மட்டுமே வாங்குவதாக இருந்தால், முன் சக்கர இயக்கமுள்ள வண்டியாக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகத் தள்ளிப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின் டயர் வழுக்கினால் பழகிய ஓட்டுநருக்கும் மீட்பது கடினம். கடைக்காரர்கள் பலர் முன்னால்தான் போட வேண்டும் என்பார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள்.

டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறியோ, வெளிப்பக்கம் என்ற குறியோ இருந்தால், அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து பாருங்கள். வால்வுகள் புதிதாக இருக்க வேண்டும், பாலன்சிங் செய்திருக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கடைக்காரரின் வழக்கத்துக்கு விடாமல், கதவுத் தூணில் உள்ள எண்ணைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். வேனில் காலியாக ஓடும்போதும் நிறைசுமையிலும் பின் டயர்களுக்கு வெவ்வேறு அழுத்தம் இருக்கும். புதிய டயரின் மேற்பரப்பில் வார்ப்பின் வழவழப்பு சிறிது காலம் இருப்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சு கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை மீண்டும் அளந்து, நான்கு டயர்களின் தேதிக் குறியையும் மாட்டிய நாளையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.